தாமதத்துக்குக் காரணம்

அத்தியாயம் பதினேழு

"இந்த நம்பர்ல எங்ககிட்ட எந்தக் கேஸும் இல்லைம்மா."

போன வாரம் இந்த வரியோடு நிறுத்திவிட்டு ஓடிவிட்டேன் என்று என்மேல் பலருக்குக் கோபம். படுங்கள், பரவாயில்லை. இன்றைக்கு அக்கா படப்போகும் கோபத்துக்கு முன்னால் உங்கள் கோபம் ஒன்றுமே இல்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரே மூச்சில் முன்கதை. அக்கா தையல்காரி. இரண்டு வருடத்துக்கு முன்னால், வாங்கி எட்டே நாளான நீராவி இஸ்திரிப்பெட்டியின் குழாய் மூட்டு பிடுங்கிக்கொண்டு, கொதிக்கும் ஆவி அவளுடைய வலது கையில் அடித்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அளவெடுப்பாள், மெஷினில் தைப்பாள். துணியை வெட்டுவதற்கு மட்டும் அடுத்த தெருத் தையல்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெட்டத் தெரிந்தும் வெட்ட முடியாத தையல்காரியின் நிலைமையை நான் வேறு விளக்க வேண்டுமா?

பெட்டியை விற்ற வீட்டுச்சாமான் கடை, "அளவுக்கு மேல தண்ணி ஊத்திட்டாங்க" என்று கையை விரித்தது. தெருவும் அதையே நம்பியது. இருபது வருடம் அவளிடம் தைத்தவர்கள்கூட, "அவங்களுக்குக் கொஞ்சம் கவனம் போதாதுப்பா" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அக்காவுக்கு நஷ்ட ஈடு பெரிதில்லை. தப்பு என் கையில் இல்லை, பெட்டியில்தான் என்று ஓர் அரசாங்கக் காகிதம் சொல்ல வேண்டும். அதைக் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே மாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்கான புகாரைக் கொடுக்கும் பொறுப்பைத் தன் ஒரே தம்பியிடம் ஒப்படைத்திருந்தாள். தம்பி ஜெராக்ஸ் கடைக்காரன். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவன். வீட்டில் ஒரு மனுக்காரன் இருந்தால் மற்றவர்கள் எந்த அலுவலகப் படியையும் மிதிக்க மாட்டார்கள் பாருங்கள், இந்தக் குடும்பமும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, "தம்பிகிட்ட சொல்லு." சான்றிதழில் எழுத்துப் பிழையா, "தம்பி பார்த்துப்பான்." இரண்டு வருடமாகத் தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதல் மாதமே ரசீது கொண்டுவந்து கொடுத்தான். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, "தள்ளி வச்சிருக்காங்கக்கா" என்பான். அக்காவும் "சரிடா" என்பாள்.

அக்காவின் மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. கண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்து நாலு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. "நேர்ல போய்க் கேட்டா கடிச்சா தின்னுடுவாங்க?" என்று லீவு போட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த இடத்தில்தான் அந்த வரி.

*

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் இருந்த எழுத்தர் அம்மாளுக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் அக்கா கொடுத்த ரசீது.

"இன்னொரு தடவை தேடுங்க மேடம். பேரை வச்சுத் தேடுங்க" என்றாள் பொடிசு.

"பேரை வச்சும் தேடிட்டேன், தேதியை வச்சும் தேடிட்டேன்." எழுத்தர் ரசீதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முதல்ல இது எங்க ரசீதே இல்லைம்மா. எங்களுது பச்சைக் காகிதம். புத்தகத்துலேர்ந்து கிழிச்சுக் குடுப்போம். இது வெள்ளை. சீல்கூட வச்சது இல்ல. சேர்த்து அச்சடிச்சது."

விரலை நனைத்துச் சீல்மேல் தேய்த்துக் காட்டினார். கொஞ்சமும் கரையவில்லை.

பொடிசுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "சரி. யாரோ ஏமாத்திட்டாங்க. இப்பவே புதுசா ஒண்ணு குடுத்துடறோம். ஃபாரம் குடுங்க."

"சம்பவம் என்னிக்கு நடந்தது?"

அக்கா தேதியைச் சொன்னாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எழுத்தர் மேசைக் காலண்டரைப் புரட்டினார், ஒரு தும்மல் போட்டார், மறுபடி எண்ணினார்.

"சம்பவம் நடந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடணும்மா. அதான் கெடு. பத்தொன்பது நாள் தாண்டிடுச்சு."

"பத்தொன்பது நாள்தானே?" என்றாள் பொடிசு.

"பஸ் போனப்புறம் ஒரு நிமிஷம் லேட்டா, ஒரு மணி நேரம் லேட்டான்னு பார்த்து என்ன பிரயோஜனம்?"

"அப்ப அந்தக் கடைக்காரங்க தப்பிச்சாச்சா? அவ்வளவுதானா?"

எழுத்தர் அக்காவின் வலது கையைப் பார்த்தார். அந்தக் கை கவுண்டர் விளிம்பைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. தாமதத்தைப் பொறுத்துக்கச் சொல்லித் தனியா ஒரு மனு குடுக்கணும். ஏன் லேட்டாச்சுன்னு காரணம் எழுதணும். மறந்துட்டேன், தெரியலைன்னா தள்ளிடுவாங்க. உடம்பு சரியில்லைன்னா ரெண்டு வருஷத்துக்கும் டாக்டர் சீட்டு வேணும்."

"மூணு மாசத்துக்குத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அன்றைக்கு அங்கே அவள் சொந்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அப்ப உண்மை என்னவோ அதை எழுதுங்க. புகார் குடுத்தாச்சுன்னு நம்பித்தானே சும்மா இருந்தீங்க? அது நல்ல காரணம். இந்த ரசீதைச் சேர்த்து வச்சாக் கண்டிப்பா எடுத்துப்பாங்க. ஆனா ஒண்ணு." எழுத்தர் ரசீதைத் திருப்பித் தள்ளினார். "இது போலி ரசீது. அரசாங்க சீலு. உள்ள வந்துட்டா நாங்க கண்ணை மூடிக்க முடியாது. இதை உங்களுக்கு யார் குடுத்தாங்கன்னு விசாரணை வரும், போலீஸ் வரும். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சு அடுத்த வாரம் வரோம்" என்றாள் அக்கா.

"அதுவும் முடியாதும்மா. நேத்து வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே சும்மா இருக்கற ஒவ்வொரு நாளும் உங்க தலையில. தெரிஞ்சும் ஏன் வரலைன்னு முதல் கேள்வியே கடைக்காரரோட வக்கீல் அதைத்தான் கேப்பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கவுண்டர் நாலு மணி வரைக்கும் இருக்கும்."

அப்போது மணி பதினொன்றரை.

*

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் பொடிசு கைப்பையால் தொடையில் அடித்துக்கொண்டாள்.

"மாமாவை எவனோ புரோக்கர் ஏமாத்தியிருக்கான்மா. மாமாவுக்குக் கடையை விட்டு நகர நேரம் ஏது? இந்த வாசல்லயே பத்துப் பேர் சுத்தறானுங்க, பாரு. அவனுங்கள்ல ஒருத்தன்கிட்ட குடுத்திருப்பாரு. அவன் இந்தக் காகிதத்தை நீட்டியிருப்பான். மாமாவும் வெள்ளந்தியா வாங்கிட்டு வந்து உன்கிட்ட குடுத்துட்டாரு."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆமாம், அப்படித்தான் இருக்கும். தம்பியைப் போய் ஒரு நிமிடம் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். ரசீதை மடியில் விரித்து முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள்.

வலது ஓரத்தில் ஒரு விரல்கடை தள்ளி, மேலிருந்து கீழே சாம்பல் நிறத்தில் மெல்லியதாக ஒரு கோடு.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். கழுத்து, தோள், கை, இடுப்பு என்று கட்டம் போட்டுத் தம்பி அவளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் அளவுச் சீட்டுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. அவனுடைய மெஷின் உருளையில் ஒரு கீறல். நாலு வருடமாக மாற்றப்போகிறான், மாற்றப்போகிறான், இன்னும் மாற்றவில்லை. "கோட்டுக்கடை" என்றே வாடிக்கைக்காரர்கள் அவனைக் கேலி செய்வார்கள்.

அக்கா பையைத் துழாவி ஓர் அளவுச் சீட்டை எடுத்தாள். ரசீதின்மேல் ஓரத்தோடு ஓரம் வைத்து வெளிச்சத்தில் தூக்கினாள். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன.

"புரோக்கர் இல்லடி" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மேய்ந்த வேலி கூடப் பிறந்ததாக இருந்தால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அக்கா இரண்டு காகிதத்தையும் பையில் வைத்தாள். கை வெந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. அன்றைக்கு வாய்விட்டு அலறவாவது முடிந்தது.

"எழுந்திரு" என்றாள் மகளிடம். "கடைக்குப் போவோம்."

*

ஜெராக்ஸ் கடையில் தம்பி ஒரு வயதான வாடிக்கைக்காரருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். காதில் பேனா, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, கடைசித் தேதி பதினஞ்சு. ஞாபகம் வச்சுக்குங்க. அதிகாரிங்க காலைப் பிடிக்கலாம், கையைப் பிடிக்கலாம், தேதியை மட்டும் பிடிக்க முடியாது. போச்சுன்னா போச்சு" என்று அவருக்குப் புத்தி சொன்னான். பெரியவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதைப் பொடிசு அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள்.

"வாக்கா! என்ன இந்தப் பக்கம்? பொடிசு, உனக்கு லீவா?"

அக்கா நகலெடுக்கும் மெஷினின் மூடியைத் தூக்கி, ரசீதைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"இதுக்கு ஒரு நகல் எடுத்துக் குடு."

தம்பி எட்டிப் பார்த்தான். சிரிப்பு இருந்த இடத்தில் அப்படியே உறைந்துவிட்டது. "இது எதுக்குக்கா இப்ப?"

"கோடு அதே இடத்துல விழுதான்னு பார்க்கணும்."

தம்பி எழுந்து ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டான். திரும்பி வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான். காதில் இருந்த பேனாவை எடுத்தான், மறுபடி காதில் செருகினான்.

"அங்கே போனீங்களா?"

"போனோம். பச்சைக் காகிதமாம்டா அவங்களுது. அதையாவது விசாரிச்சு அடிச்சிருக்கலாம்."

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"கேக்கத்தான் வந்திருக்கேன்."

"புகார் எழுதினேன்க்கா. சத்தியமா எழுதினேன். குடுக்கறதுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கி வந்தேன். உன் வாசல்ல அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி. மூடியில ஒரு சிவப்பு ஸ்டிக்கர். 'தொழிற்சாலையில் சோதித்து மூடியது'ன்னு." பேனாவைக் காதிலிருந்து உருவினான். "அது நான் அடிச்ச ஸ்டிக்கர்."

பொடிசுக்குப் புரியவில்லை. "நீங்க எதுக்கு மாமா அடிச்சீங்க?"

"கடைக்காரர் ஒரு சாம்பிள் குடுத்தாரு. அதே மாதிரி முப்பது வேணும்னாரு. அடிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது. மூட்டு லீக்காகுதுன்னு ஜனங்க திருப்பிக் குடுத்த பெட்டிங்க அதெல்லாம். துடைச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டி, புதுசுன்னு வித்துட்டாரு."

"எதுக்குன்னு நீ கேக்கவே இல்லையா?" என்றாள் அக்கா.

"நான் என்னிக்குக்கா கேட்டிருக்கேன்? காகிதம் வரும், அடிப்பேன்."

ஆக, அக்கா அதிகமாகத் தண்ணீர் ஊற்றவில்லை. அவளுடைய கவனத்தில் குறைவில்லை. ஏற்கெனவே ஒழுகிய பெட்டியைத்தான் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அந்த வாக்கியம் இரண்டு வருடமாக அவளுடைய தம்பியின் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

"தெரிஞ்சவுடனே என்கிட்ட வந்திருக்கலாமே?"

"கடைக்காரர்கிட்ட போனேன். 'கேஸு போட்டா முதல்ல நீதான் மாட்டுவே, ஸ்டிக்கர் உன்னோடது'ன்னாரு. பயந்துட்டேன்க்கா."

"சரி, பயந்தே. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். புகார் குடுக்கலைன்னு சொல்லியிருக்கலாம். ரசீது எதுக்குடா?"

தம்பி தரையைப் பார்த்தான். "ரசீது இல்லைன்னா நீயே போய்க் குடுத்திருப்பே."

"ம்."

"ரெண்டு வருஷம் ஓடிட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு..."

"அப்ப நாளை எண்ணிட்டு இருந்தீங்களா மாமா?" என்றாள் பொடிசு.

தம்பி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

பிறகு அக்கா பேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பதான்டா எனக்குப் புரியுது. ரெண்டு வருஷமா நீ என் கையைப் பார்த்துப் பேசினே, இல்லைன்னா தரையைப் பார்த்துப் பேசினே. இந்தப் பத்தொன்பது நாளாத்தான் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுப் பேசறே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாவம், இவனுக்கு ஏதோ கவலை இருந்திருக்கு, தீர்ந்துடுச்சு போலிருக்குன்னு சந்தோஷப்பட்டேன்டா. உன் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன், இப்பல்லாம் அவன் முகம் நல்லா இருக்குன்னு."

தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்பிள்ளை அழுதால் அடங்கிப்போகிற வழக்கம் அக்காவுக்கு உண்டு. இன்றைக்கு அடங்கவில்லை.

"சொல்லியிருந்தா நீ என்னை மன்னிச்சிருப்பியாக்கா?"

"மன்னிச்சிருப்பேன்டா. அதான் வயித்தெரிச்சலா இருக்கு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். மனுக்காரன் மறுபடி அவனுக்குள் விழித்துக்கொண்டான். அதுதான் அவனுடைய நோய்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தாமத மனு நானே டைப் பண்ணித் தரேன். எத்தனையோ பேருக்கு அடிச்சிருக்கேன். கை வலி, நடமாட முடியலைன்னு போட்டா இரக்கப்படுவாங்க. டாக்டர் சீட்டுக்கு நான் ஏதாவது வழி பண்றேன்." நிஜமாகவே நாற்காலியைக் கீபோர்டுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சீட்டையும் இங்கேயே அடிச்சிடுவீங்களா மாமா?" என்றாள் பொடிசு. "அதுலயும் கோடு விழுமே, என்ன பண்ணுவீங்க?"

தம்பி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"அந்த ரசீதை மட்டும் குடுத்துடுக்கா. அதை நீ கொண்டுபோய்க் குடுத்தேன்னா என்னைப் பிடிச்சு உள்ள வச்சுடுவாங்க. இந்தக் கடைக்கு அப்புறம் எவன் வருவான்? என் பொண்ணு உன் மடியில வளர்ந்தவக்கா."

"மீதி எங்கடா இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எது மீதி?"

"முப்பது ஸ்டிக்கர் அடிச்சே. ஒண்ணு என் வீட்டுக்கு வந்தது. மீதி இருபத்தொன்பதும் எந்தெந்த வீட்ல இருக்கு? எவளெவ அதைத் தினம் கையில பிடிச்சுத் துணி தேய்ச்சிட்டு இருக்கா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"அதையும் கேக்கலையா?"

அவன் கேட்டிருக்கவில்லை.

அக்கா மெஷினிடம் போனாள். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த மெல்லிய காகிதம். மடங்காத விரல்களுக்கு அது அகப்படவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் கையிலிருந்து எது நழுவினாலும் எடுத்துக் கொடுக்கிறவன் தம்பிதான். யோசிக்காமல் எழுந்து வந்தான், ஓரத்தைக் கிள்ளி ரசீதைத் தூக்கினான்.

தூக்கிய பிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே உறைத்தது.

பொடிசு அப்படியே நின்றுவிட்டாள். கிழிக்க ஒரு நொடி போதும். கிழித்துவிட்டால் காரணமும் இல்லை, கேஸும் இல்லை.

"குடு" என்றாள் அக்கா.

கொடுத்துவிட்டான்.

பாசத்தில் கொடுத்தானா, பழக்கத்தில் கொடுத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. அக்காவும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய்விட்டாள்.

*

பஸ்ஸில் பொடிசு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் ஆரம்பித்தாள்.

"அம்மா, அத்தைக்கு இது ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கறேன்."

"தெரியாது."

"மாமாவைப் பிடிச்சுட்டுப் போனா அத்தை என்ன பண்ணுவாங்க?"

"காலையில நீதானேடி குதிச்சே?"

"காலையில புரோக்கர்னு நினைச்சேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, காலையிலிருந்து வராத அழுகையும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பொடிசு அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்தம் வந்துடுச்சா பாரு" என்றாள்.

நாலடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது மூன்றாம் கவுண்டர்முன் போய் நின்றார்கள். எழுத்தர் அம்மாளின் ஜலதோஷம் காலையைவிட மோசமாகியிருந்தது. எதுவும் கேட்காமல் இரண்டு படிவத்தையும் எடுத்து நீட்டினார்.

"குடும்மா, நான் எழுதறேன்" என்றாள் பொடிசு.

முதல் படிவத்தை, கடையைப் பற்றிய புகாரை, அம்மா சொல்லச்சொல்ல அவள்தான் எழுதினாள். இரண்டாவது படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு பெரிய கட்டம். அதை மட்டும் அக்கா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடது கையால், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் போல, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பெரிய பெரிய எழுத்து. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கையை உதறிக்கொண்டாள். பத்து நிமிடம் ஆயிற்று. நடுவில் எழுத்தர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

எழுதியது இதுதான்.

'புகார் கொடுத்துவிட்டேன் என்று என் தம்பி சொன்னான். நம்பினேன். ரசீது கொடுத்தான். நம்பினேன். ரசீது பொய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி என்பதால் அதற்கு முன்னால் நான் விசாரிக்கவில்லை.'

எழுத்தர் இரண்டு தடவை படித்தார். "இவ்வளவுதானா? எல்லாரும் நாலு பக்கம் எழுதுவாங்க."

"வேற ஒண்ணும் இல்லைங்க."

"போதும். இது போதும்." ரசீதைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். "ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடுங்க. புகார் யார் மேல? கடை மேலயா, தம்பி மேலயா?"

"கடை மேல. தம்பி காரணம் மட்டும்தான்."

"காரணத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா. அவருக்கு சம்மன் போகும். அவர் முகவரி சொல்லுங்க."

அக்கா சொன்னாள். எழுத்தர் பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"இது உங்க முகவரி. நான் கேட்டது அவரோடது."

"ரெண்டும் ஒரே வீடுதாங்க. நான் கீழே, அவன் மாடியில."

எழுத்தர் கைக்குட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து முகத்தில் இருந்த அலுப்பு இப்போது இல்லை.

"சம்மன் பகல்லதான் வரும். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். அவர் மனைவி இருப்பாங்களா?"

"வேலைக்குப் போறா. அவனும் கடைக்குப் போயிடுவான். பகல்ல வீட்ல இருக்கறது நான் ஒருத்திதான்."

"அம்மா" என்று முழங்கையைத் தொட்டாள் பொடிசு. அக்கா திரும்பவில்லை.

"அப்ப நீங்கதான் வாங்கி அவர் கையில குடுக்கணும். முடியுமா உங்களால?"

அக்கா தலையாட்டினாள்.

எழுத்தர் அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்தார். "வாங்கறவங்க அவருக்கு என்ன உறவுன்னு இதுல கேட்டிருக்கு. என்னன்னு போட? எதிர்த்தரப்புன்னு போடட்டுமா?"

"இல்லைங்க" என்றாள் அவள். "அக்கான்னே போடுங்க."